லினக்ஸைப் பீலியில் பிடிப்பதா, ஹவ்ழில் அள்ளுவதா?

  

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். போன பெற்றோர் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு அங்கே நேரம் போதவில்லை. அதற்கான பதிலை வரலாற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பாடசாலைக்கு அனுப்பிய இருபது பாவித்த கம்பியூட்டர்களுக்கு லினக்ஸ் போடுவது என்று முடிவாகிவிட்டது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய புரொசசரும் வேண்டும். நமக்கு வந்த மெஷின்களில் அவை இல்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதை விட, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு இன்னும் சில வருடங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படச் செய்யலாம்.

வாதம் வந்தது எப்படிப் போடுவது என்பதில்தான். தோட்டத்தில் இருந்து வந்திருந்த ஒரு தகப்பன் கேட்டார்: "சேர், இப்ப எல்லாமே நெட்டுலதானே வருது. இருபதையும் ஒரு வயர்ல மாட்டி ஒரே தடவையில எறக்கிட்டா முடிஞ்சிருமே. எதுக்கு ஒவ்வொன்னா பென் டிரைவ குத்திக்கிட்டு இருக்கணும்?" கடைவீதியில் இருந்து வந்த இன்னொருவர் உடனே மறுத்தார்: "நெட்ட நம்பினா நடுவுல நின்டுடும். கைல ஈக்கிறத வெச்சி செய்வோம் சேர்."

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் 'நெட்' என்ற ஒரு சொல்லை இரண்டு வேறு பொருட்களுக்குப் பாவித்தார்கள். ஒன்று, அறைக்குள்ளே கம்பியூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வலையமைப்பு. மற்றது, வெளியே உலகத்தோடு இணைக்கும் இன்டர்நெட். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். அதற்கு நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*தபாலில் வந்த லினக்ஸ்*

1991 ஒகஸ்ட் 25 இல், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு பணிசெயல் முறைமை எழுதி வருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே அதன் முதல் பிரதியை பின்லாந்தில் உள்ள ஒரு சேர்வரில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். அதாவது லினக்ஸ் பிறந்ததே வலையமைப்பின் மேல்தான். ஆனால் அந்த நாளில் வலையமைப்பு யாரிடம் இருந்தது? மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் பெரிய கம்பனிகளிடமும்தான்.

மற்றவர்களுக்கு அது டிஸ்க்கில் போய்ச் சேர்ந்தது. 1993 ஜூலையில் வந்த ஸ்லாக்வெயாரின் முதல் வெளியீடு 24 பிளொப்பி டிஸ்க்குகளில் இருந்தது. ஒன்று 1.44 மெகாபைட். ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். இடையில் ஒன்று பழுது என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

நமது நாட்டில் 1990 களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்பு மின்னஞ்சலோடு தொடங்கியது. வணிக ரீதியான இன்டர்நெட் சேவை 1995 இல் வந்தது. அப்போதும் தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து இணைவதுதான் வழி. ஒரு சீடியின் அளவு 700 மெகாபைட். 56 கிலோபிட் வேகத்தில், ஒரு தடவையும் அறுபடாமல் ஓடினால்கூட அதை இறக்க ஏறக்குறைய 28 மணித்தியாலம் வேண்டும். அவ்வளவு நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். யார் இறக்குவார்?

அதனால் லினக்ஸ் இந்தப் பக்கத்து நாடுகளுக்கு சீடியாக வந்தது. 1990 களின் பிற்பகுதியில் இந்தியாவின் பிசி குவெஸ்ட் போன்ற சஞ்சிகைகள் புத்தகத்தோடு லினக்ஸ் சீடியைச் சேர்த்துக் கொடுத்தன. 2004 ஒக்டோபரில் உபுண்டு வெளிவந்தபோது, கேட்பவர்களுக்கெல்லாம் தபால் செலவையும் தானே ஏற்று சீடி அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஷிப்-இட். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் முகவரி கொடுத்தால் சில வாரங்களில் தபால்காரர் கொண்டு வந்து தருவார். 2011 ஏப்ரலில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

நமது நாட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. கண்டி ஹந்தானை மலையின் பெயரில், பெடோரா லினக்ஸை அடியாகக் கொண்டு 'ஹந்தான லினக்ஸ்' என்ற பதிப்பை இலங்கையர்கள் உருவாக்கினார்கள். வேண்டிய மென்பொருட்களைப் பின்னர் இன்டர்நெட்டில் தேடி அலையாதபடி நிறையவற்றை முன்கூட்டியே ஒரே டிஸ்க்கில் சேர்த்துக் கொடுத்தது அதன் சிறப்பு. இன்டர்நெட் இல்லாத வீட்டையும் பாடசாலையையும் மனதில் வைத்துச் செய்த வேலை அது.

ஆகவே கடைவீதிக்காரர் சொன்ன 'கையில் இருக்கிறதை வைத்துச் செய்வோம்' என்பது பழைய பஞ்சாங்கம் அல்ல. இருபது வருடங்களாக நம் போன்ற ஊர்களுக்கு லினக்ஸ் வந்து சேர்ந்த வழி அதுதான்.

*ஒரு கட்டடத்துக்குள் பிறந்த முறை*

இனி அந்தத் தகப்பன் சொன்ன வழிக்கு வருவோம். வலையமைப்பு வழியாக நிறுவுவது இன்டர்நெட் பரவிய பிறகு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது 1980 களில், ஒரு கட்டடத்துக்குள்ளே பிறந்தது.

அந்தக் காலத்தில் ஹார்ட் டிஸ்க் விலை கூடிய பொருள். பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் ஒரு பெரிய மெஷினில் மட்டும் டிஸ்க்கை வைத்து, மற்ற மெஷின்களை டிஸ்க் இல்லாமலே ஓட வைத்தார்கள். சன் நிறுவனத்தின் கம்பியூட்டர்கள் இதற்குப் பேர் போனவை. டிஸ்க் இல்லாத மெஷின் கரண்டைப் போட்டவுடன் என்ன செய்யும்? கம்பியூட்டருக்குத் தன் பெயரே தெரியாது. அதனால் வயரில் கத்திக் கேட்க வேண்டும்: நான் யார், எனக்கு வேலை எங்கே?

இதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க நாங்கள் பிரட்டுக் களத்தைத்தான் சொல்வோம். காலையில் பிரட்டுக்குப் போனால் பெயர் பதிவார்கள். இன்றைக்கு எந்த மலை என்று சொல்வார்கள். அதன் பிறகுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். வலையமைப்பில் நடப்பதும் அதுதான். பெயர் பதிந்து இலக்கம் கொடுக்கும் முறைக்கு 1985 இல் பூட்பி என்ற விதிமுறை வந்தது. 1993 இல் அதன் வழியில் டிஎச்சிபி வந்தது. இன்று உங்கள் வீட்டு ரவுட்டர் போனுக்கு முகவரி கொடுப்பதும் இதே டிஎச்சிபியால்தான். முதல் கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பும் எளிய முறையான டிஎப்டிபி 1981 இலேயே எழுதப்பட்டது.

இவை எல்லாவற்றையும் சாதாரண கம்பியூட்டருக்குள் பொருத்தியது இன்டெல். 1990 களின் கடைசியில் பிஎக்ஸ்இ என்ற பொது முறையை அது வெளியிட்டது. அதன் பிறகு வந்த பெரும்பாலான மெஷின்களில், வயர் வழியாகத் தொடங்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. நமக்கு வந்த இருபதிலும் பார்த்துவிட்டோம், இருக்கிறது.

ஆக ஒழுங்கு இப்படி. மெஷின் கேட்கிறது. சேர்வர் இலக்கத்தையும் கோப்பின் பெயரையும் கொடுக்கிறது. சிறிய கோப்பு ஒன்று வருகிறது. அது லினக்ஸின் கருவையும் நிறுவும் நிரலையும் அழைத்து வருகிறது. மொழி என்ன, டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, எந்த மென்பொருட்கள் வேண்டும் என்ற பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், யாரும் கீபோர்டைத் தொடாமலே வேலை முடியும். ரெட் ஹெட் பக்கத்தில் இந்தப் பதில் தாளுக்குக் கிக்ஸ்டார்ட் என்றும், டெபியன் பக்கத்தில் பிரிசீட் என்றும் பெயர்.

இதில் எந்த இடத்திலும் இன்டர்நெட் கட்டாயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சேர்வர், ஒரு சுவிட்ச், வயர்கள். அவ்வளவுதான்.

*பாடசாலைகள் எடுத்த பாதைகள்*

இந்த முறையைப் பாடசாலைக்குக் கொண்டு வந்தவர்களில் இரண்டு முயற்சிகள் நமக்கு முக்கியம். 1999 இல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவிலன் எல்டிஎஸ்பி என்ற திட்டத்தைத் தொடங்கினார். பழைய, பலம் குறைந்த கம்பியூட்டர்கள் வயர் வழியாகத் தொடங்கி, சேர்வரின் பலத்திலேயே ஓடும். உலகத்தின் பல நாட்டுப் பாடசாலைகள் இரும்புக்குப் போக இருந்த மெஷின்களை இதை வைத்து மீட்டன.

2001 ஜூலையில் நோர்வேயில் ஸ்கோலேலினக்ஸ் தொடங்கியது. பாடசாலை லினக்ஸ் என்பதே பெயரின் கருத்து. பிறகு அது டெபியன் எடு என்ற திட்டத்தோடு ஒன்றானது. ஒரு பாடசாலைக்கு ஒரு பிரதான சேர்வர். மற்ற மெஷின்களை அதிலிருந்தே பிஎக்ஸ்இ வழியாக நிறுவிக்கொள்ளலாம். ஆசிரியர் பாடம் படிப்பிப்பவர், முழுநேரத் தொழினுட்பவியலாளர் அல்லர் என்பதை எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

பக்கத்தில் கேரளாவில், 2001 இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில வருடங்களில் லினக்ஸுக்கு மாறியது. தங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருத்தமாக, மலையாளத்தோடு, சொந்தமாக ஒரு லினக்ஸ் பதிப்பையே உருவாக்கினார்கள். டிஸ்க்கைக் கையில் கொடுத்து, ஆசிரியர்களையே நிறுவப் பழக்கினார்கள். தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சேர்த்து சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்தது. கேரளத்து ஆசிரியருக்கு நிறுவும் கை பழகியது. தமிழ்நாட்டில் நிறுவி முடிந்த பொருள் பிள்ளையின் கைக்கு வந்தது. இரண்டுமே பெரிய காரியங்கள்தான். ஆனால் பழுது வரும் நாளில் எது கைகொடுக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நமது நாட்டிலும் 2000 களின் நடுப்பகுதியில் பாடசாலைகளை இணைக்க ஸ்கூல்நெட் வந்தது. அதே காலத்தில் கிராமங்களுக்கு நெனசல, தமிழில் அறிவகம், என்ற நிலையங்கள் வந்தன. கம்பியூட்டரும் இணைப்பும் ஊருக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். அவற்றைத் திருத்தவும் மீண்டும் நிறுவவும் தெரிந்த ஆட்கள் எல்லா ஊருக்கும் வரவில்லை.

*நன்மைகள்*

இவ்வளவு வரலாற்றையும் வைத்துக்கொண்டு, வலையமைப்பு வழியின் நன்மைகளை எண்ணுவோம்.

முதலாவது, புதிதாக வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் செய்த பென் டிரைவில் இருப்பது இரண்டு வருடப் பழைய லினக்ஸ். நிறுவி முடிந்த பிறகு பாதுகாப்புத் திருத்தங்களுக்காக நூற்றுக்கணக்கான மெகாபைட்டை எப்படியும் இறக்கத்தான் வேண்டும். வலையமைப்பு வழியில் முதலிலேயே புதியது வரும்.

இரண்டாவது, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். நமது பாடசாலைப் பக்கத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே அறையில் வேண்டும். டிஸ்க்கில் தமிழ் மொழிப் பொதியோ எழுத்துருவோ இல்லாமல் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த வழியில் மூன்றையும் பட்டியலில் எழுதிவிட்டால் இருபதிலும் மூன்றும் இருக்கும்.

மூன்றாவது, இருபதும் ஒரே மாதிரி. ஒன்பதாம் மெஷினில் மட்டும் மெனு வேறு இடத்தில் இருக்கிறது என்ற தொல்லை இல்லை. ஒன்று பழுதானால் வயரை மாட்டித் தொடங்கினால் அது பழைய நிலைக்கு வரும்.

நான்காவது, சீடி டிரைவ் வேண்டாம், பென் டிரைவ் வேண்டாம். ஆசிரியரின் நேரம் மிச்சம். அந்த நேரம் பிள்ளைகளுக்குப் போகும்.

*தீமைகள்*

தீமைகளையும் மறைக்கக் கூடாது. அதுவும் நமது மலையில்.

2004 ஒகஸ்ட் மாதம் கொழும்புத் துறைமுகப் பகுதியில் ஒரு கப்பலின் நங்கூரம் பட்டு சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள் சேதமானது. ஒரே நங்கூரத்தால் நாட்டின் இன்டர்நெட்டே முடங்கியது. இன்று கேபிள்கள் கூடிவிட்டன. ஆனாலும் தூரத்தில் உள்ள ஒரு கயிறை நம்பி நிற்கிறோம் என்ற உண்மை மாறவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்கள் நினைவிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நமது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீதி இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. அதற்கு முன் கோவிட் காலத்தில் சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளைகள் இன்று சாதாரண தரத்துக்கு இருக்கிறார்கள்.

நாங்களே பட்டதையும் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஐந்து மெஷின்களுக்கு டொங்கிள் ஒன்றை வைத்து இன்டர்நெட்டில் இருந்தே நேரடியாக நிறுவத் தொடங்கினோம். பின்னேரம் மழை இறங்கியது, சிக்னல் போனது. ஐந்தும் அரைகுறையாக நின்றன. அந்த மாத டேட்டாவும் முடிந்தது. மறுநாள் பழைய பென் டிரைவை எடுத்துத்தான் வேலையை முடித்தோம்.

இன்னொரு தடவை அறைக்குள்ளேயே சேர்வர் வைத்து, யாரும் தொடாமல் தானாக நிறுவும்படி செய்தோம். வேலை வேகமாக நடந்தது. ஒரு பிள்ளை அடுத்த மேசையில் இருந்த மெஷினைச் சும்மா போட்டிருக்கிறாள். அதில் வயர் வழித் தொடக்கம் முதலாவதாக இருந்தது. அதுவும் பிரட்டுக்கு வந்து நின்றது. சேர்வர் கேள்வி கேட்காமல் அதன் டிஸ்க்கையும் அழித்துப் புதிதாக நிறுவியது. மூன்று பிள்ளைகள் ஒரு தவணை முழுக்கச் செய்து வைத்திருந்த வேலை போனது. பிழை எங்களுடையது. அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டோம். தானாக நடக்கும் வேலை தானாகவே அழிக்கவும் செய்யும் என்பதை அன்று படித்தோம்.

வேறு சிக்கல்களும் உண்டு. ரவுட்டரும் சேர்வரும் ஒரே வயரில் இலக்கம் கொடுக்கத் தொடங்கினால், ஒரே பிரட்டில் இரண்டு கங்காணி நின்ற கதை. மெஷின் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும். வைபையில் பிஎக்ஸ்இ நம்பி வேலை செய்ய முடியாது, வயர் வேண்டும். சில மடிக்கணினிகளில் வைபை வேலை செய்யத் தனியான நிரல் வேண்டும். அதை இறக்க வைபை வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. டெபியன்காரர்கள் 2022 இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இல் இருந்து அந்த நிரல்களையும் தங்கள் நிறுவல் கோப்பிலேயே சேர்த்தார்கள். அதன் பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

நம்பிக்கை என்ற விடயமும் உண்டு. வயரில் வருவது உண்மையான இடத்தில் இருந்துதான் வருகிறதா? நாம் ஒரு ஹதீஸைக் கேட்டால் அதன் ஸனதைக் கேட்கிறோம், யார் யாரிடம் இருந்து கேட்டார் என்று. டெபியன், உபுண்டு பொதிகளுக்கும் அப்படி ஒரு கையொப்பச் சங்கிலி இருக்கிறது. இடையில் யாராவது மாற்றினால் நிறுவும் நிரல் கண்டுபிடித்து நிறுத்தும். ஆனால் முதல் கோப்பைக் கொடுக்கும் பழைய டிஎப்டிபிக்கு அந்தக் காவல் இல்லை. கேட்டவருக்குக் கொடுக்கும், கொடுப்பவர் யார் என்று பார்க்காது. அதனால் சேர்வரைப் பூட்டிய அலுமாரியில், நம்பிக்கையானவர் கையில் வைக்க வேண்டும்.

*பீலியும் ஹவ்ழும்*

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மெஷினுக்கு 2 கிகாபைட் பொதிகள் வேண்டும் என்று வைப்போம். நமக்குக் கிடைக்கும் இணைப்பு 4 மெகாபிட் என்று வைப்போம். ஒரு மெஷினுக்கு 1 மணித்தியாலமும் 7 நிமிடமும். இருபதும் தனித்தனியாக இறக்கினால் மொத்தம் 40 கிகாபைட், 22 மணித்தியாலத்துக்கு மேல். டேட்டா காசு வேறு.

அதே பொதிகளை அறையில் உள்ள ஒரு பழைய மெஷின் ஒரு தடவை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டால்? வெளியில் இருந்து 2 கிகாபைட் மட்டும், 1 மணித்தியாலமும் 7 நிமிடமும். அதன் பிறகு 100 மெகாபிட் சுவிட்ச்சில் இருபதுக்கும் பங்கிட்டாலும், கணக்குப்படி 53 நிமிடம். நடைமுறையில் கொஞ்சம் கூடும். ஆனாலும் ஒரு முற்பகலில் முடியும் வேலை. இப்படிச் சேமித்து வைத்துப் பங்கிடும் இலவச நிரல்கள் இருக்கின்றன. அப்ட்-கேஷர்-என்ஜி அவற்றில் ஒன்று.

தோட்டத்தில் பீலியடிக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். பீலியில் வரும் தண்ணீர் புதியது, குளிர்ந்தது. ஆனால் குடத்தோடு இருபது பேர் வரிசையில் நிற்க வேண்டும். மலையில் குழாய் உடைந்தால் எல்லோருக்கும் இல்லை. பென் டிரைவ் என்பது வீட்டில் பிடித்து வைத்த குடம். கையில் இருக்கும், ஆனால் நாள்பட்டது. பள்ளிவாசலில் வுழூ செய்யும் நீர்த்தொட்டியான ஹவ்ழ் இரண்டுக்கும் நடுவானது. மலைத் தண்ணீர் அதில் வந்து நிரம்புகிறது. வந்தவர் எல்லோரும் சுற்றி இருந்து ஒரே நேரத்தில் வுழூ செய்கிறார்கள். குழாய் ஒரு நாள் நின்றாலும் அன்றைய தொழுகைக்குத் தண்ணீர் இருக்கும். ஆனால் ஹவ்ழைக் கழுவவும் நிரப்பவும் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளி இல்லாவிட்டால் பாசி பிடிக்கும்.

கேள்வியின் மற்றப் பாதி இங்கேதான் இருக்கிறது. வலையமைப்பு வழியின் பெரிய குறை டேட்டாவும் அல்ல, மழையும் அல்ல. அதை நடத்தத் தெரிந்த ஆள்தான். பென் டிரைவ் குத்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளில் பழக்கலாம். சேர்வரை நடத்துவது அப்படி அல்ல. நமது பக்கத்துப் பாடசாலைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். விடயம் தெரிந்த ஒரு சேர் அல்லது டீச்சர் வருவார். அறை கலகலப்பாக இருக்கும். இடமாற்றம் வரும், அவர் கீழ்நாட்டுக்குப் போவார். அடுத்த வருடம் அறைக்குப் பூட்டு. மெஷின் பழுதாகி அறை மூடப்பட்டதை விட, ஆள் மாறி அறை மூடப்பட்டதே கூட. எங்களுக்கும் ஒரு நாள் இடமாற்றம் வரும்.

*ஆகவே நாம் முன்வைப்பது*

முதலாவது, இருபதில் நல்ல ஒன்றை அறைக்குள் சேர்வராக வைப்போம். இன்டர்நெட் கிடைக்கும் நேரத்தில் அது மட்டும் வெளியில் இருந்து இறக்கட்டும். மற்ற பத்தொன்பதும் அதனிடம் இருந்து எடுக்கட்டும்.

இரண்டாவது, தானாக அழிக்கும் ஏற்பாடு வேண்டாம். டிஸ்க்கைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்கட்டும், பிள்ளை 'ஆம்' என்று தட்டட்டும். எல்லா மெஷினிலும் சொந்த டிஸ்க்கே முதலில் தொடங்கட்டும். வயர் வழி வேண்டும்போது மட்டும் தெரிவு செய்வோம்.

மூன்றாவது, அறையின் சுவிட்ச்சில் ஒரு கங்காணி மட்டும். ரவுட்டர் அதில் நேரடியாக இணையாது.

நான்காவது, இரண்டு பென் டிரைவ்கள் அலுமாரியில் இருக்கட்டும். தவணைக்கு ஒரு தடவை புதுப்பிப்போம். சேர்வர் விழும் நாளுக்கு அது.

ஐந்தாவது, இதுதான் மிக முக்கியம். 10, 11 ஆம் தரங்களில் இருந்து ஆறு பிள்ளைகளைத் தெரிவு செய்து, தோட்டம், நாடு, கடைவீதி மூன்று பக்கத்தில் இருந்தும், சேர்வரை அவர்களே நிறுவப் பழக்குவோம். ஒவ்வொரு படியையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி அறையில் வைப்போம். ஒவ்வொரு வருடமும் மேல் வகுப்பு கீழ் வகுப்புக்குக் கையளிக்கட்டும். நாங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொப்பி இருக்கும்.

வலையமைப்பா பென் டிரைவா என்ற கேள்விக்கு எங்கள் பதில் இது: வலையமைப்புத்தான், ஆனால் ஊற்றுக்கண் நமது அறைக்குள் இருக்க வேண்டும், திறப்பு பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். கேள்வி கேட்ட தகப்பனும் மறுத்த சகோதரரும் இருவருமே எங்களுக்கு நல்லது செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்யட்டும்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் உங்கள் உதவி வேண்டும். பழைய 24 துளை சுவிட்ச் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். வயர் இழுக்கத் தெரிந்த சகோதரர் ஒருவர் ஒரு சனிக்கிழமை தந்தால் போதும். கரண்ட் போனால் சேர்வரைப் பத்து நிமிடம் தாங்கும் யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். காசு கேட்கவில்லை. பொருளும் நேரமும்தான்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். பிழையாக விளக்கியிருந்தால் திருத்துங்கள். ஆசிரியரும் படிப்பவர்தானே.